லெப்டினன்ட் ஆண்டனி ஃபேசன் மூழ்கும் நீர்மூழ்கியிலிருந்து மீட்டது எனிக்மா இயந்திரத்தையா?

இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி தன் செய்திகளைச் சங்கேதமாக மாற்றிய இயந்திரம்தான் எனிக்மா; அதை அவர் மீட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் ஃபேசன் உயிரைக் கொடுத்து மீட்டவை குறியீட்டு ஏடுகள். அன்றைய நிலையில் இயந்திரத்தைவிட அவைதான் தேவைப்பட்டன.

ஃபேசன் 1913-இல் பிறந்தவர், ஸ்காட்லாந்தின் ஜெட்பரோவைச் சேர்ந்தவர். 1942-இல் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பலான பெட்டார்டில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, வயது 29. அக்டோபர் 30 அன்று எகிப்துக்கு வடக்கே யு-559 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை நாசகாரிகள் மணிக்கணக்காகத் துரத்தி ஆழ்வெடிகுண்டுகள் வீசின. இரவில் அது மேலே வந்தது. ஜெர்மன் மாலுமிகள் அவசரத்தில் கடலில் குதித்தார்கள், ஏடுகளை அழிக்கவில்லை.

ஃபேசனும் 22 வயது மாலுமி காலின் கிரேசியரும் உள்ளே இறங்கினார்கள். உணவகச் சிறுவன் டாமி பிரவுனும் போய்ச் சேர்ந்துகொண்டான், வயது 16தான். குண்டு துளைத்த ஓட்டைகள் வழியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்தால் கரையும் மையில் அச்சிட்ட ஏடுகளும் உண்டு என்பதால் அவற்றை ஈரம் படாமல் மேலே கொண்டுவர வேண்டும். பிரவுன் ஏணியில் ஏறி இறங்கி, பக்கத்தில் நின்ற படகுக்குக் கைமாற்றினான். சுவரோடு பொருத்தியிருந்த ஒரு கருவியையும் ஃபேசன் பெயர்க்கப் பார்த்தார்; முடியவில்லை. மேலே வரச்சொல்லி பிரவுன் கத்தினான். இருவரும் ஏறத் தொடங்கியபோது நீர்மூழ்கி சட்டென்று அமிழ்ந்தது. பிரவுன் மட்டும் தப்பினான்.

இனி ஏடுகளின் மதிப்பு. 1942 பிப்ரவரி 1 முதல் அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் நான்கு சுழலி (எழுத்துகளை மாற்றும் சுழல் சக்கரம்) எனிக்மாவுக்கு மாறின. நான்காவது சுழலியின் உள்கம்பி இணைப்பை பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெச்லி பார்க் முன்பே கண்டுபிடித்துவிட்டது. 1941 டிசம்பரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அந்தச் சுழலியைத் தவறான நிலையில் வைத்துச் செய்தி அனுப்பியதே காரணம். ஆனாலும் அன்றாடச் சாவியை, அதாவது இயந்திரத்தை அந்த நாளில் எப்படி அமைத்தார்கள் என்பதைத் தேட, ஒரு செய்திக்குள் இருக்கும் எழுத்துகளைச் சரியாக ஊகித்து, தேடும் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். சுழலி ஒன்று கூடியதால் தேடலும் 26 மடங்கு பெருகியது. பத்து மாதம் இருட்டு; அந்தச் செய்திகளைப் படிக்க முடியவில்லை.

யு-559-இல் கிடைத்ததில் ஒன்று வானிலைக் குறுங்குறியீட்டு ஏட்டின் இரண்டாம் பதிப்பு. நீர்மூழ்கி வானிலை விவரத்தை இந்த ஏட்டின்படி சில எழுத்துகளாகச் சுருக்கி, எனிக்மாவில் மறைத்து அனுப்பும். கரையிலுள்ள நிலையம் அதே விவரத்தை வேறொரு சங்கேதத்தில் மறுபடி ஒலிபரப்பும். அதை பிளெச்லி ஏற்கெனவே உடைத்துப் படித்து வந்தது. ஏடு கையில் இருந்தால் வானிலையிலிருந்து எழுத்துகளுக்குப் பின்னோக்கிப் போகலாம். ஊகிக்க வேண்டிய வரி அப்படியே கிடைத்துவிடும்!

நவம்பர் 24 அன்று ஏடுகள் பிளெச்லி வந்தன. டிசம்பர் 13 அன்று சாவி உடைந்தது. வானிலைச் செய்திகளுக்கு நான்காவது சுழலியை ஜெர்மானியர் நகராத நடுநிலையில் வைத்திருந்தது அப்போது தெரிந்தது. அதாவது அது மூன்று சுழலி இயந்திரம் போலவே வேலை செய்தது. பழைய தேடும் இயந்திரங்களே போதும். அதே நாளின் மற்றச் செய்திகளுக்கு நான்காவது சுழலியின் 26 நிலைகளை மட்டும் சோதித்தால் சரி. 1943 மார்ச்சில் வானிலை ஏட்டை ஜெர்மனி மாற்றியபோதும், யு-559-இல் கிடைத்த இன்னொரு குறுஞ்செய்தி ஏடு கைகொடுத்தது. சில நாட்களில் வழி திறந்தது.

ஃபேசனுக்கும் கிரேசியருக்கும் மறைவுக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. எதிரி எதிர்த்து நிற்காத இடத்தில் நடந்த செயல் என்பதால், எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கான விக்டோரியா கிராஸ் கிடையாது. எதற்காக இறந்தார்கள் என்ற விவரம் 1970-கள் வரை ரகசியமாகவே கிடந்தது. இருவர் உடலும் அந்தக் கடலடியில்தான் இருக்கின்றன.