தோளில் பள்ளம், கழுத்தில் வலி: மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் எனக்குத் தேவையா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 34, இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு மூன்று வயது, பால் மறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சொந்தமாக ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, கத்தரி பிடித்து இலை எடுப்பது இவர்தான்.

“பத்தாவது படிக்கும்போதே எனக்கு மார்பு பெரிது டாக்டர். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தாங்க முடியவில்லை. கழுத்திலிருந்து தோள்பட்டை வரைக்கும் வலி, பிரா பட்டை இருக்கிற இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். ‘பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், நல்லா இருக்கிற உடம்புல கத்தி வைப்பாங்களா’ என்கிறார் மாமியார். ஆபரேஷன் செய்தால் கேன்சர் வருமா? எத்தனை நாள் இலை எடுக்க முடியாது? முதலில் எனக்கு இது தேவையா?”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை எளிது.

இத்தனை அளவுக்கு மேல் போனால் ஆபரேஷன், அதற்குக் கீழே வேண்டாம் என்று ஒரு கோடு கிடையாது. ஒரே அளவு மார்போடு ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார், இன்னொருவர் ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் தவிப்பார். நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். அந்தப் பாரம் உங்களை எதையெல்லாம் செய்யவிடாமல் தடுக்கிறது? உங்கள் வலிக்கு உண்மையிலேயே அந்தப் பாரம்தான் காரணமா?

இரண்டாவது கேள்வி உங்கள் விஷயத்தில் ரொம்ப முக்கியம். கத்தரி வைத்து மணிக்கணக்காக இலை வெட்டுகிறவர்களுக்கு, மார்பு சின்னதாக இருந்தாலும்கூடக் கழுத்தும் தோளும் வலிக்கும், போதாததற்கு நிரம்ப நிரம்ப இலைப் பையும் பின்னால் இழுக்கும். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தாலும் இதே வலிதான். ஆபரேஷன் செய்தபிறகு ‘வலி அப்படியே இருக்கே டாக்டர்’ என்று நீங்கள் வந்து நிற்கக் கூடாது. அதனால் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கி, நாலு வாரம் தினமும் ராத்திரி இரண்டு வரி எழுதுங்கள்: இன்று இலை எடுத்தேனா, வலி பத்துக்கு எத்தனை. இலை எடுக்காத ஞாயிற்றுக்கிழமையிலும், மழைக்கு வீட்டிலேயே இருந்த நாளிலும் அதே வலி இருந்தால் பாரத்தின் மேல் சந்தேகம் கூடுகிறது. அந்த நாட்களில் வலி பாதியாகக் குறைந்தால், முதலில் கத்தரி பிடிக்கிற விதத்தையும் வேலை நேரத்தையும் கவனிக்க வேண்டும். இன்னொன்று, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையாலும் மார்பைக் கீழிருந்து தூக்கிப் பிடித்து ஐந்து நிமிஷம் இருந்து பாருங்கள். கழுத்து ‘அப்பாடா’ என்று இறங்கினால் அதையும் எழுதி வையுங்கள்.

பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஒரு அகலமான குண்டாவைத் தாம்பாளத்தில் வைத்து, விளிம்பு வரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குனிந்து ஒரு பக்க மார்பை மெதுவாக முழுக்க அமிழ்த்துங்கள். வழிந்து தாம்பாளத்தில் நிற்கிற தண்ணீரைப் பால் அளக்கிற லிட்டர் படியில் ஊற்றினால் ஏறக்குறைய எடை தெரிந்துவிடும், ஒரு லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கிலோ வந்தால், அதைச் சுமந்துகொண்டுதான் நீங்கள் தூங்குகிறீர்கள், சமைக்கிறீர்கள், மேடு ஏறுகிறீர்கள். இலை மூட்டையையாவது எடை போடுகிற இடத்தில் இறக்கிவைத்துவிட்டு வரலாம்.

அடுத்தது பிரா. எனக்கு இதில் கொஞ்சம் ஆதங்கமே உண்டு. என்னிடம் வருகிறவர்களில் சரியான அளவு பிரா போட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. கப் பெரிதாக வேண்டியவருக்குக் கடையில் அது இருக்காது, அதனால் சுற்றளவைக் கூட்டி 42, 44 என்று கொடுத்துவிடுவார்கள். முதுகுப் பட்டை தொளதொளவென்று மேலே ஏறிக்கொள்ளும், மொத்தப் பாரமும் தோள்பட்டையில் விழும், பள்ளம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நியாயமாகப் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டை. இஞ்சு டேப்பை எடுத்து மார்புக்குக் கீழே இறுக்கி ஒரு அளவு, மார்பு நன்றாக முன்னால் எடுத்திருக்கும் இடத்தில் தளர்வாக ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்: ஒரு இஞ்சுக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, இப்படியே போகும். உங்களுக்கு ஏழு, எட்டு இஞ்சுகூட வரலாம், திகைக்க வேண்டாம், ஆன்லைனில் அந்த அளவுகள் கிடைக்கின்றன. அகலப் பட்டை வைத்ததாக வாங்கி, அதோடு முதுகுத் தசைக்கு பிசியோதெரபி பயிற்சியும் மூன்று மாதம் செய்து பாருங்கள். சிலருக்கு இதிலேயே போதும் என்று தோன்றிவிடும். போதாது என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான், எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது என்ற தெளிவோடு ஆபரேஷனுக்குப் போவீர்கள்.

மார்புக்கு அடியில் அரிப்பு, சிவப்பு, நாற்றம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன், சொல்லக் கூச்சப்படுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் மலையில் துவைத்தது மூன்று நாளானாலும் காயாது, பாதி ஈரத்தோடு பிராவைப் போட்டு அதற்கு மேல் ஸ்வெட்டரும் போட்டால் மடிப்புக்குள் பூஞ்சை வராமல் என்ன செய்யும்? பூஞ்சைக்குக் களிம்பு போட்டால் போகும், மடிப்பு அப்படியே இருந்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதும் ஆபரேஷனுக்கு ஒரு நியாயமான காரணம்தான்.

சரி, இத்தனையும் பார்த்தாகிவிட்டது, வலி போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் என்றால் என்ன? முழு மயக்கம் கொடுத்து, சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். கூடுதலாக உள்ள கொழுப்பு, சுரப்பி, தோல் மூன்றையும் எடுத்துவிட்டு, காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடும் நரம்போடும் மேலே ஏற்றி வைப்போம். காம்பைச் சுற்றி ஒரு தழும்பு, அதிலிருந்து கீழே நேராக ஒன்று, பெரிய மார்பு என்றால் அடி மடிப்போடு ஒன்று, மொத்தத்தில் நங்கூரம் மாதிரி. இந்தத் தழும்பு மறையவே மறையாது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் சிவப்பு போய் மங்கும், அவ்வளவுதான். உங்களுக்குக் காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து எழும்பியிருந்தால் இங்கேயும் அப்படி வரலாம், மறைக்காமல் சொல்லுங்கள்.

காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்கு நிரந்தரமாகவே போய்விடும். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி வராது. ரத்தக்கட்டு, சீழ், தையல்கள் கூடுகிற இடத்தில் காயம் ஆறத் தாமதம், இவை வரக்கூடியவை. அபூர்வமாகக் காம்புக்கு ரத்த ஓட்டம் நின்று அது கருகிப்போவதும் உண்டு. இதனால்தான் புகையிலை பற்றி நான் கண்டிப்பாக இருக்கிறேன். ‘நான் பீடி குடிக்கிறதில்லை டாக்டர்’ என்பார்கள், வாயில் வெற்றிலையோடு புகையிலை இருக்கும். மென்றாலும் அதே நிக்கோட்டின்தான், ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். முன்னால் குறைந்தது நாலு வாரம், பின்னால் நாலு வாரம் சுத்தமாக விட்டாக வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலும் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் மேலே பேச்சு. உடல் எடையும் சில மாதமாக ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது குழந்தை எண்ணம் இருக்கிறதா என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் இப்போதே பேசிவிடுங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்குப் பால் வரும், சிலருக்குக் குறையும், சிலருக்கு வரவே வராது, யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் மார்பு திரும்பவும் பெருக்கும். எண்ணம் இருந்தால் அது முடிந்து, பால் மறந்து ஆறு மாதம் ஆனபிறகு செய்துகொள்வதுதான் நல்லது.

கேன்சர் பயத்துக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனால் கேன்சர் வராது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவோம், அதில் ஏதாவது ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் வயதுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், 40 தாண்டியவர்களுக்கும் அம்மா, அக்கா, தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, கேட்போம். பிற்பாடு எப்போது மேமோகிராம் எடுத்தாலும் ஆபரேஷன் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், உள்ளே இருக்கும் தழும்பு படத்தில் கட்டி மாதிரி தெரியலாம்.

மாமியார் சொன்னதற்கு என் பதில் இதுதான்: வலிக்கிற உடம்பு நல்லா இருக்கிற உடம்பு இல்லை. அவர் காலத்தில் இதற்கு வழி இல்லாததால் பொறுத்துக்கொண்டார்கள், அவர் மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் முடிவு உங்களுடையது. யாராவது அழகாக இருக்கும் என்று சொன்னதற்காகவும் செய்யாதீர்கள், யாராவது வேண்டாம் என்றதற்காகவும் வலியைச் சுமக்காதீர்கள். சரியான காரணத்துக்காகச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ‘இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்’ என்றுதான் என்னிடம் சொல்கிறார்கள்.

இலைக் கணக்கு. ஒன்றிரண்டு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு வாரத்தில் சமையல் மாதிரி லேசான வேலை. பாரம் தூக்குவது, கத்தரி பிடிப்பது, பிள்ளையை இடுப்பில் வைப்பது எல்லாம் ஆறு வாரத்துக்குக் கிடையாது. அதனால் ஜனவரியைப் பாருங்கள். பனிக்கு இலை குறைந்திருக்கும், ஏப்ரலில் துளிர் வேகமெடுப்பதற்குள் உடம்பு தேறிவிடும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, தையலைக் காட்ட வர முடியாமல் பாதியில் நிற்கிற அவஸ்தையும் இருக்காது. திரும்பி மலை ஏறும்போது பஸ் வேண்டாம், காரில் சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி பகலாகப் போட வேண்டிய சப்போர்ட் பிரா ஒன்று போதாது, பனிக் காலத்திலும் துணி காயாது, மூன்றாக வாங்குங்கள்.

பணம்: மருத்துவ இன்சூரன்ஸ் இருந்தால், அழகுக்கான ஆபரேஷனுக்குத் தர மாட்டார்கள். உடல்நலத்துக்குத் தேவையான சிகிச்சை என்று டாக்டர் சான்று கொடுத்தால் கேட்டுப் பார்க்க இடம் உண்டு, ஆனால் முன் அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் தேதி குறிக்காதீர்கள். செலவு கட்டுப்படியாகாது என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். எங்கே போனாலும் டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி. என்கிறார்கள்) மேற்படிப்பு முடித்தவரா என்று கேளுங்கள், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போகும்போது அந்த நோட்டுப் புத்தகம், பிசியோதெரபி சீட்டு, தினமும் போடுகிற பிரா மூன்றையும் எடுத்துப் போங்கள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், தோள் பள்ளத்தை டாக்டர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.