துருக்கியில மதத்துக்கும் அரசியலுக்கும் உள்ள தொடர்பைப் படிக்கிறதெண்டா எங்கயிருந்து தொடங்கிறது?

தம்பி, யாழ் கம்பஸில அரசறிவியல் செய்யிறன் எண்டு போட்டிருக்கிறியள், அதால முதல்ல ஒண்டு சொல்லோணும், எங்கட இலங்கையின்ட 1972, 1978 அரசியல் யாப்புகளில பௌத்தத்துக்குக் குடுத்த முதன்மை இடத்தை மனசில வச்சுக்கொண்டு துருக்கியைப் பாக்காதேங்கோ. அங்க கதை வேற. 1924இல கலிபா எண்ட முஸ்லிம்களின்ட தலைமைப் பதவியை ஒழிச்ச அதே நாளிலதான் தியானெத் எண்ட மத விவகாரத் திணைக்களத்தையும் தொடங்கினவை, 1928இல அரச மதம் எண்ட வசனத்தை யாப்பில இருந்து எடுத்து, 1937இல மதச்சார்பின்மையைப் போட்டவை. ஆனா இமாம்மாருக்கு இண்டைக்கும் சம்பளம் குடுக்கிறது அரசாங்கம்! மதத்தை அரசிட்ட இருந்து பிரிக்கேல்லை, அரசின்ட கைக்குள்ள வச்சிருக்கினம், அதாலதான் ஆட்சி மாறினா பள்ளிவாசலில கதைக்கிறதும் மாறுது, 1932இல இருந்து 1950 மட்டும் தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கையே துருக்கி மொழியிலதான் சொல்ல விட்டவை எண்டா பாருங்கோ.

அலெவி மக்களைப் பற்றிக் கட்டாயம் படியுங்கோ, அவை சுன்னி முஸ்லிம்களிட்ட இருந்து வேறுபட்ட வழிபாடுள்ள ஒரு சிறுபான்மை, அவையின்ட வழிபாட்டு இல்லங்களை அந்தத் திணைக்களம் பள்ளிவாசலுக்குச் சமமா ஏற்கிறேல்லை, எனக்கு அதுதான் முக்கியமான இடமாப் படுது. யாப்பை மட்டும் வாசிச்சா இது பிடிபடாது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில செய்யிற குத்பா எண்ட பிரசங்கங்களைத் தியானெத் இணையத்தில போடுது, தேர்தல் காலத்து குத்பாக்களை எடுத்து ஒண்டோடொண்டு ஒப்பிட்டுப் பாருங்கோ.