குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி: கேள்வி பதில்

மதுரை: அண்ணே, கையில் 60,000 இருக்கு. 1080பி மானிட்டர் ஏற்கெனவே இருக்கு. என்ன பார்ட்ஸ் வாங்கலாம்?

மானிட்டர் செலவு இல்லை என்பதால் செய்யலாம் தம்பி. ரைசன் 5 5600 பிராசசர், பி450 அல்லது பி550 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்), ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. 5600 பெட்டியிலேயே கூலர் வரும், தனியாக வாங்காதே. பி450 பழைய ஸ்டாக்காக இருந்தால் பயோஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்து தரச் சொல். இல்லாவிட்டால் எல்லாம் மாட்டிய பிறகும் டிஸ்ப்ளே வராது. கேபினெட்டின் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். கண்ணாடி போட்டு அடைத்தது நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் (எல்லா பார்ட்ஸுக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை) மட்டும் மிச்சம் பிடிக்காதே. நல்ல கம்பெனியின் 550 வாட் போதும். கேபினெட்டோடு சும்மா தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

திருச்சி: கிராஃபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 3050 நல்லதா, ஆர்எக்ஸ் 6600 நல்லதா?

கேம் மட்டும் என்றால் 6600. 3050 என்ற பெயரில் 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. 6 ஜிபியில் கோர்களே குறைவு (2,560க்குப் பதில் 2,304). ஆனால் அது 70 வாட்தான் எடுக்கும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட அதுதான் வசதி.

ஈரோடு: இப்போ உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற 5600ஜி பிராசசர் வாங்கிட்டு, அடுத்த வருஷம் கார்டு போடலாமா?

கூடுமானவரை வேண்டாம். 5600க்கு எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பி, 5600ஜிக்கு 16 எம்பிதான். கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் 4.0 இல்லை, வேகம் குறைந்த 3.0. நாளைக்குக் கார்டு போட்டாலும் அந்தக் குறை கூடவே இருக்கும்.

சேலம்: நான் அதைத்தான் வச்சிருக்கேன். வாலரண்ட் அருமையா ஓடுதே?

ஓடும், அது லேசான கேம். உங்களிடம் ரேம் ஒரே குச்சியா, இரண்டா? உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒரே குச்சி போட்டால் மெமரியின் வேகம் பாதியாகிவிடும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் இரண்டு குச்சியை சிபியு பக்கத்திலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டில் போட்டு, பயோஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஈரோடு மறுபடியும்: கார்டுக்குக் காசே இல்லண்ணா. சும்மா உட்கார்ந்திருக்கவா?

காசே இல்லை என்றால் 5600ஜி சரிதான் தம்பி, உன் நிலைமையில் நானும் அதைத்தான் எடுப்பேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பிறகு மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதே. அந்தக் கார்டுக்கு பிசிஐஇ பாதையில் நான்கே லேன் (தடம்), மெமரியும் 4 ஜிபி. 5600ஜியின் 3.0இல் அந்த நான்கு லேனின் வேகமும் பாதியாகும், பெரிய கேம்கள் திக்கித் திக்கித்தான் ஓடும். 6600க்கு எட்டு லேன், அது தாங்கும். கார்டு வாங்கும் வரை எஸ்எம்பிஎஸ் சின்னதே போதும் என்றும் நினைக்காதே. இப்போதே 550 வாட் வாங்கிவிடு.

நெல்லை: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசமே தெரியல.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பீர்கள், கிராஃபிக்ஸ் கார்டில் சொருகுங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 என்று இருந்தால் 144 ஆக மாற்றுங்கள்.

கோவை: 600 விஏ யூபிஎஸ் போதுமா?

600 விஏ என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 360 வாட்தான். 1,000 விஏ பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள்.

வேலூர்: 60,000க்கு லிஸ்ட் ப்ளீஸ்.

மதுரைக்குச் சொன்னதுதான்.

தஞ்சை: புது மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ்ஸில், வேறு கம்பெனியின் பழைய கேபிளைப் போடலாமா? கச்சிதமா பொருந்துது.

போடவே கூடாது! எஸ்எம்பிஎஸ் பக்க வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும், உள்ளே இருக்கும் போட்டோக்களும் போய்விடும்.

ஓசூர்: 60,000 பட்ஜெட், எஸ்எம்பிஎஸ் 900 ரூபாய்க்கு 450 வாட் தர்றாங்க. 80 பிளஸ் இல்லாட்டி பரவாயில்லையா?

60,000 லிஸ்டுக்கு மேலே மதுரைக்குச் சொன்னதைப் பாருங்கள். 80 பிளஸ் என்பது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று இல்லை. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள், 216 வாட். கார்டும் பிராசசரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 6600 மட்டுமே 132 வாட் கேட்கும். வெளியே எழுதியிருக்கும் 450ஐ நம்பி வாங்காதீர்கள்.