பரிந்துரைக் கடிதத்தை யார் எழுதுவது?

அன்புள்ள அம்மா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. உயிரித்தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் உயிரியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. போன மாதம் அங்கே மேற்படிப்புக்கான தேர்வான ஜி.ஆர்.இ. எழுதினேன். வெர்பல் (ஆங்கிலப் பகுதி) 148, குவான்ட் (கணக்குப் பகுதி) 155, மொத்தம் 303. அண்ணனின் நண்பர் 326 எடுத்து அங்கே எம்.எஸ். படித்தவர். 'இந்த ஸ்கோரை வைத்து எங்கேயும் போட முடியாது' என்கிறார். பள்ளியில் தமிழ் வழியில் படித்ததால்தான் வெர்பல் வரவில்லை. மறுபடி எழுதட்டுமா, இல்லை விண்ணப்பத்தோடு அனுப்பும் எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கட்டுரையில் காரணத்தைச் சொல்லிவிட்டு விண்ணப்பிக்கட்டுமா? முதல் தடவைக்கே அப்பா கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டினார்.

பரிந்துரைக் கடிதங்கள் பிரச்சினை இல்லை. துறைத்தலைவர், முதல்வர் இருவருமே 'எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கண்மாய் மண்ணிலிருந்து பாக்டீரியா பிரித்துக் கொசுப்புழுவைக் கொல்கிறதா என்று பார்த்தோம். பாக்டீரியா சேர்க்காமல் ஒப்பிடுவதற்கு வைத்த கன்ட்ரோல் கப்பிலேயே புழுக்கள் செத்ததால் அதுவரை எடுத்ததை விட்டுவிட்டு, குழாய்த் தண்ணீரின் குளோரின்தான் காரணம் என்று கண்டுபிடித்து, கிணற்றுத் தண்ணீரில் மறுபடி செய்தேன். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் கூட இருந்து சொல்லித் தந்தார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மறுபடி எழுத வேண்டாம். உயிரியல் துறைகளில் பல, ஜி.ஆர்.இ.யைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. சில துறைகள் நீ அனுப்பினாலும் பார்க்காது. சில, விருப்பமிருந்தால் அனுப்பு என்கின்றன. கட்டாயம் கேட்கிறவையும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே துறைக்குத் துறை இது மாறும், அதனால் ஒவ்வொரு துறையின் சேர்க்கை விதிகளையும் நீயே உட்கார்ந்து படி. விருப்பம் என்கிற இடத்துக்கு 303-ஐ அனுப்பாதே. கட்டாயம் என்கிற இடத்தில் நீ சேர நினைக்கும் ஆய்வகம் இருந்தால் அனுப்பிவிட்டு, அதைப் பற்றி எஸ்.ஓ.பி.யில் ஒரு வரிகூட எழுதாதே. தமிழ் வழியில் படித்ததற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. உன் ஆங்கிலத்தை அவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு ஒழுங்காகப் படி. அண்ணனின் நண்பர் சொல்வது அவர் போன வழிக்குச் சரியாக இருக்கலாம். பிஎச்.டி.க்குத் துறை உனக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. ஐந்தாறு வருடம் ஆய்வகத்தில் தாக்குப்பிடிப்பாளா என்பதுதான் அவர்கள் கவலை.

2017-இல் 'ப்ளாஸ் ஒன்' இதழில் இதைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் தங்கள் 683 உயிர்மருத்துவ மாணவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை வைத்து முதல் பருவ மதிப்பெண்ணை ஓரளவு ஊகிக்க முடிந்தது. யார் பட்டம் முடிப்பார்கள், எவ்வளவு காலத்தில் முடிப்பார்கள், முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எழுதுவார்கள் என்பதை ஊகிக்க முடியவில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களை மட்டும் வைத்து எடுத்த கணக்கு இது, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதில் இல்லை. அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சாப்பல் ஹில்லில் படித்த 280 மாணவர்களைப் பற்றியது. நிறையக் கட்டுரை எழுதியவர்களையும் ஒன்றும் எழுதாதவர்களையும் ஜி.ஆர்.இ. பிரித்துக் காட்டவில்லை, கல்லூரி மதிப்பெண்ணும் காட்டவில்லை. அந்த வேறுபாட்டைக் காட்டியவை பரிந்துரைக் கடிதங்கள்.

நீ 'பிரச்சினை இல்லை' என்று ஒரு வரியில் தாண்டிப் போன கடிதங்களைத்தான் சொல்கிறேன். உன் விண்ணப்பத்தில் பெரிய பிரச்சினையே அதுதான்.

சில வாரங்களுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி பேசினாள். மூன்று பேராசிரியர்கள் பெயரில் மூன்று ஜிமெயில் கணக்கு தொடங்கி, மூன்று கடிதங்களையும் தானே எழுதி, தானே ஏற்றியதாகச் சொன்னாள். மூவருக்கும் அது தெரியும். 'நீயே பார்த்துக்கோம்மா' என்று சொன்னவர்கள் அவர்கள்தான். அன்றிலிருந்து மனதில் அது அறுத்துக்கொண்டே இருக்கிறது. உன் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பாய். இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்பார்கள். 1974-இல் வந்த ஒரு சட்டப்படி அங்கே படிக்கிற மாணவருக்குத் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உண்டு, அதனால் அந்தக் கேள்வி. கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிய பெண் அந்த இடத்தில் 'ஆம், பார்க்க மாட்டேன்' என்று டிக் செய்கிறாள். இருபத்திரண்டு வயதில், ஆராய்ச்சிக்குள் காலெடுத்து வைக்கும் முதல் நாளில், அவளை ஒரு பொய்யில் கையெழுத்துப் போட வைத்தவர்கள் யார்? அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள். நேரமில்லை என்பார்கள். பதவி உயர்வுக்குப் பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்ப நேரமிருக்கிறது. வேறு சிலருக்கு ஆங்கிலக் கூச்சம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் பிழையோடு எழுதினாலும் கண்ணால் கண்டதை எழுதினால் அது கடிதம். 'சின்சியர், ஹார்ட்வொர்க்கிங், ஒபீடியன்ட்' என்று மூன்று பேர் ஒரே நடையில் எழுதியிருந்தால், அங்கே படிக்கிறவர் அந்தப் பிள்ளையை மட்டும் சந்தேகப்பட மாட்டார். அடுத்த வருடம் அதே கல்லூரியிலிருந்து வருகிற பிள்ளையையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்.

நான் எம்.எஸ்சி. தாவரவியல் படித்தபோது கூடப் படித்த ஒருத்திக்கு எழுத்துத் தேர்வுகளில் எப்போதும் குறைந்த மதிப்பெண்தான் வரும். ஆராய்ச்சிப் படிப்புக்கு அவள் விண்ணப்பித்தபோது எங்கள் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதினார். துறை டைப்பிஸ்ட் விடுப்பில் இருந்தார். நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததால் டைப் அடிக்கிற வேலை என்னிடம் வந்தது. வெங்காய வேர்நுனியை நசுக்கி, சாயம் ஏற்றி, குரோமோசோம் பார்க்கும் செய்முறையைப் பற்றி அதில் எழுதியிருந்தார். வகுப்பில் எல்லோரும் பாடப்புத்தகத்துப் படத்தைப் பார்த்து அழகாக ரெக்கார்டில் வரைந்தோம். அவள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததை, ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்ததை, அப்படியே கோணல்மாணலாக வரைந்தாள். அதற்கு அவளுக்கு மதிப்பெண் குறைந்தது. இதை முழுக்க எழுதிவிட்டு, 'எழுதுவதில் மெதுவானவள், நேரத்துக்குள் விடைத்தாளை முடிக்க மாட்டாள்' என்று குறையையும் எழுதியிருந்தார். புகழ்ச்சியாக ஒரு சொல் இல்லை. அடித்து முடித்தபோது, கூடவே உட்கார்ந்திருந்தவளை அன்றுதான் பார்த்தது போல இருந்தது எனக்கு. அவளுக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் செல்லியலில் முனைவர் பட்டமும் வாங்கினாள்.

உன்னைத் திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். கன்ட்ரோல் கப்பில் புழு செத்தது என்று எழுதிவிட்டு, அதற்கு முந்தைய வரியில் 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்கிறாயே, உனக்கு என்ன ஆயிற்று? கொசுப்புழுச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை இருக்கிறது. கன்ட்ரோலில் சாவு 5 முதல் 20 சதவீதத்துக்குள் என்றால் அந்தச் சாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆபட்டின் சூத்திரத்தை வைத்து முடிவைத் திருத்திக்கொள்ளலாம். 20-ஐத் தாண்டினால் அந்தச் சோதனையையே தூக்கிப் போட வேண்டும். எத்தனை பேர் தூக்கிப் போடுகிறார்கள்? புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க நாள் நெருங்கும்போது கன்ட்ரோல் எண்ணைக் கொஞ்சம் 'சரிசெய்து' எழுதிவிடுகிற பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ எடுத்ததை விட்டாய். பாக்டீரியாவை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டாய், கிணற்றுத் தண்ணீருக்குப் போனாய். இதை யாரும் உனக்குக் கோச்சிங் சென்டரில் சொல்லித் தரவில்லை. இதைவிட அதிகமாக முதல் வருட மாணவியிடம் எந்த ஆய்வகமும் எதிர்பார்க்காது. இதற்கு மூன்று வரி கொடுத்துவிட்டு, 303-ஐப் பற்றி ஒரு பத்தி புலம்பியிருக்கிறாய்.

இதையெல்லாம் நேரில் பார்த்தவர் அந்தக் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்தான். அவரிடம் நீ கடிதம் கேட்கவே இல்லை! முதல்வர் உன்னை ஆண்டு விழாவில் பார்த்திருப்பார். பரிந்துரைப் படிவத்தில், தான் அறிந்த மாணவர்களில் இவள் எந்த இடத்தில் நிற்கிறாள், எவ்வளவு காலமாகத் தெரியும், எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்பார்கள். முதல்வர் என்ன எழுதுவார்?

முதல் கடிதம் அந்த விரிவுரையாளருடையதாக இருக்கட்டும். துறைத்தலைவரிடமும் போ, ஆனால் எழுதிய தாளோடு போகாதே. உன் ஆய்வக நோட்டை, செத்த புழுக்களின் எண்ணிக்கை இருக்கும் பக்கம் உட்பட, எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் கேள். பார்த்துவிட்டு அவரே எழுதட்டும். மறுத்தால், பாடம் நடத்தியவர்களில் உன்னை நன்றாக அறிந்த வேறொருவரிடம் கேள். மின்னஞ்சல் அவர்களின் கல்லூரி முகவரியாக இருக்கட்டும். பெரும்பாலான உயிரியல் துறைகளுக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும், அதனால் இந்த வாரமே கேட்டுவிடு.

கௌரவ விரிவுரையாளர் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கப் போகிறது என்று அவரே தயங்கக்கூடும். நம் கல்லூரிகள் அவர்களை அப்படி நினைக்கப் பழக்கி வைத்திருக்கின்றன. அவர் தயங்கினால் எனக்கு எழுது, நான் அவரிடம் பேசுகிறேன்.