"அவரு அங்க இருக்காரா?"னு போன் வந்தா

கேள்வி: அக்கா, திண்டுக்கல் பக்கம் ஒரு குடி மறுவாழ்வு மையத்துல ரிசப்ஷன்ல இருக்கேன், ஃபைல் எல்லாம் என் பொறுப்பு. போன மாசம் ஒருத்தர் போன் பண்ணி, "பொண்ணு குடுக்கப் போறோம்மா, பையன் அங்க ட்ரீட்மென்ட் எடுத்தானா"ன்னு கேட்டாரு. ரெஜிஸ்டரைப் பார்த்துட்டு ஆமான்னுட்டேன். கல்யாணம் நின்னுபோச்சு, பையனோட அம்மா வந்து வாசல் கேட் பக்கத்துல நின்னு அழுதாங்க. ஒரு பொண்ணு வாழ்க்கையாச்சேன்னுதான் சொன்னேன், தப்பா?

பதில்: தப்புதாம்மா. நல்ல எண்ணத்துல சொன்னேன்னு புரியுது, ஆனா அந்தப் பையன் உங்க வாசப்படி ஏறினதே விஷயம் வெளிய போகாதுங்கற நம்பிக்கையிலதானே. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல குடி, போதையால வர்ற மனநலப் பாதிப்பும் மனநோய்க் கணக்குலதான் வருது, 23ஆம் பிரிவு அந்த ட்ரீட்மென்ட் விவரத்தை ரகசியமா வைக்கச் சொல்லுது. விலக்கு இருக்கு, இல்லேங்கல. பார்த்துக்கற வேற டாக்டருக்குச் சொல்லலாம், இன்னொருத்தர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம், கோர்ட் உத்தரவு வந்தா குடுக்கணும். அதையெல்லாம் டாக்டர்தான் முடிவு பண்ணணும், போன் எடுக்கற நீ இல்ல. பொண்ணு வீட்டுக்கு உண்மை தெரியணும்னா அதைப் பையன் சொல்லணும், சொல்லுப்பான்னு அவனை உட்கார வச்சுப் பேச கவுன்சிலர் இருக்காரு.

இனிமே யார் கேட்டாலும் ஒரே பதில்: "இங்க யார் இருக்காங்க, இல்லன்னு நாங்க யாருக்குமே சொல்றதில்லைங்க." இல்லாத ஆளைக் கேட்கறப்பவும் இதையேதான் சொல்லணும். ஏன்னா இல்லாதவருக்கு "இல்லை"ன்னும் இருக்கறவருக்கு "சொல்ல முடியாது"ன்னும் சொன்னா, அந்த "சொல்ல முடியாது"லயே விஷயம் வெளிய வந்துடும். வீட்டு ஆளுங்க கேட்டாலும் அப்படியே சொல்லிடாத, அட்மிஷன் அன்னைக்கே "உங்க சார்பா யாரும்மா, யார்கிட்ட பேசலாம்"னு கேட்டு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி கையெழுத்து வாங்கி ஃபைலோட முதல் பக்கத்துல வச்சுடு. நியமனப் பிரதிநிதின்னு சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு.

அந்த ரெஜிஸ்டரை மேஜை மேல திறந்து வைக்காத. நான் கவுன்சிலரா இருந்த ஒரு இடத்துல புதுசா சேர வந்தவர் கையெழுத்துப் போடக் குனிஞ்சாரு, மேல் வரியில விரலை வச்சு "இது எங்க ஊர் வாத்தியார் ஆச்சே"ன்னாரு. பேனா அப்படியே கையில நிக்குது, என் பேரையும் நாளைக்கு ஒருத்தன் இப்படிப் படிப்பானேன்னு பயந்து கையெழுத்தே போடாம திரும்பிப் போயிட்டாரு. அவரு அதுக்கப்புறம் எங்கயாச்சும் சேர்ந்தாரான்னு இன்னும் நினைச்சுப்பேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு யோகா க்ளாஸ் போட்டோ எடுத்துப் போடறதும் வேணாம்மா, கம்ப்யூட்டர்ல, போன்ல இருக்கற விவரத்துக்கும் அதே ரகசியம்தான்.

நடந்ததை இன்னைக்கே பொறுப்பு டாக்டர்கிட்ட சொல்லி எழுதிக் குடு, மறைக்காத. அந்த அம்மா புகார் குடுக்கணும்னா முதல்ல அவர்கிட்ட, சரிப்படலன்னா இந்தச் சட்டப்படி புகாரை விசாரிக்கற மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம்னு நீயே அவங்களுக்குச் சொல்லு. இந்தச் சட்டத்தை மீறினா முதல் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். பயமுறுத்தச் சொல்லல, உங்க நிர்வாகமும் இதைப் படிக்கணும்னு சொல்றேன்.

கேள்வி: ரெண்டு மாசம் மனநல வார்டுல இருந்தேன். என் ரெக்கார்டை நானே கேட்டா "பேஷன்ட்டுக்குத் தர மாட்டோம்"ங்கறாங்க.

பதில்: தரணும்ங்க. மேல சொன்ன அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 25ஆம் பிரிவுப்படி உங்க அடிப்படை மருத்துவ ரெக்கார்டைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கு. படிச்சா உங்க மனசுக்குக் கடுமையான பாதிப்பு வரும், இல்ல வேற யாருக்காவது ஆபத்துன்னு டாக்டர் நினைக்கற பகுதியை மட்டும் நிறுத்தி வைக்கலாம், மொத்தத்தையும் மறுக்க முடியாது. வாயால கேட்காதீங்க, லெட்டரா குடுத்து நகல்ல சீல் போட்டு வாங்கிக்குங்க.