மன்னார்குடியில் டிபன் கடை வைக்கப் போகிறேன். பிளாஸ்டிக் தடை, குப்பை தரம் பிரிப்பு எல்லாம் உண்மையில் அமலில் இருக்கிறதா, பெயருக்குத்தானா?

இருக்கிறது தம்பி. இரண்டு முறை அபராதம் கட்டியவள் சொல்கிறேன். (தம்பி என்று நானாக வைத்துக்கொண்டேன். கடன் வாங்கித்தான் கடை போடுகிறீர்கள் என்பதும் என் ஊகம்.)

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பதினைந்து வருடமாக இட்லிக் கடை நடத்துகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், நாளைக்கும் அந்தத் தெருவில்தான் நான் அடுப்பு மூட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. முதல் அபராதம் நியாயமானது, மறுக்கவில்லை. சாம்பார் கட்டும் கவரை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். சோதனைக்கு வந்த அதிகாரி நேராக அங்கேதான் கை விட்டார். ஆயிரம் ரூபாய். பேசாமல் கட்டிவிட்டேன்.

இரண்டாவதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். இனி வம்பே வேண்டாம் என்று மொத்தக் கடையில் துணிப் பை கேட்டேன். பச்சை நிறத்தில் அழகான பை, கைப்பிடியெல்லாம் வைத்தது. நாங்களும் திருந்திவிட்டோம் என்ற பெருமையோடு வாசலிலேயே தொங்கவிட்டிருந்தேன். அதையும் பறிமுதல் செய்தார்கள். அது துணியே இல்லையாம். நெய்யாத பை, பாலிப்ரொப்பிலீன். அந்த 14 வகையில் அதுவும் ஒன்று. மொத்தக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பையில் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) என்று அச்சடித்திருக்கிறதே, டெல்லி விதிப்படி சரிதான் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. மத்திய விதியில் நெய்யாத பைக்கு 60 ஜிஎஸ்எம், பிளாஸ்டிக் பைக்கு 120 மைக்ரான் தடிமன் என்று கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் தடிமன் கணக்கே கிடையாது, எல்லாப் பிளாஸ்டிக் பையும் தடைதான். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்ல வேண்டியவர் யார்? பை விற்றவருக்கு ஒரு பைசா அபராதம் இல்லை. நீங்கள் பை வாங்கும்போது ஓர் ஓரத்தைக் கிழித்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். துணியானால் சாம்பலாகும், உருகிச் சொட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் பட்டியலில் இருக்கிறது, காகிதம்தானே என்று ஏமாற வேண்டாம்.

'உனக்குப் பட்டால்தான் புத்தி வருமா' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எனக்குப் புத்தி வந்தது அபராதத்தால் அல்ல. முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நிலம், கடைமடை. அந்த வருடம் சி.ஆர். 1009 சப்-1 நெல் நட்டிருந்தோம். ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும் ரகம். மழை இப்போதெல்லாம் பத்து நாள் மழையை இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிறதே என்றுதான் அதைத் தேடிப் பிடித்தோம். ஐப்பசிக் கடைசியில் அடைமழை. மழை விட்டு ஐந்து நாளாகியும் வயலில் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. தட்டையான பூமி, வடிவது எப்போதும் மெதுவாகத்தான். ஆனால் இப்படி நிற்காது. வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் வடிகால் வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்த்தால், சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாய் இரண்டும் அடைத்துக் கிடந்தன. ஆகாயத்தாமரை வேரும் கவர்களும் பின்னிப் பாய் முடைந்த மாதிரி. கடப்பாரையும் அலக்குமாக அரை நாள் இழுத்தார்கள். தெர்மகோல் தட்டு, கல்யாண மேசை விரிப்பு, குழந்தைகளின் டயப்பர், சிப்ஸ் உறை. சாம்பார் கவரும்தான். என் கடைக் கவர் என்று சொல்ல அதில் பெயர் எழுதியிருக்கவில்லை. இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. விதை வெள்ளத்தைத் தாங்கும், குழாய் அடைத்துக் கிடந்தால் அது என்ன செய்யும்? பள்ளத்தில் இருந்த இரண்டு மா அழுகிப் போனது.

மிச்சத்தை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நான்கு நாள் களத்திலேயே போட்டு வைத்தார்கள். பிறகு மூட்டைக்கு இவ்வளவு கொடுத்தால் அதே ஈரம் காய்ந்துவிடுகிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

தரம் பிரிப்பு: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னது மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதி. நான் பிரிக்கிறேன். காய்கறித் தோலும் கழுநீரும் பக்கத்து வீட்டு மாட்டுக்கு, எச்சில் இலை ஆட்டுக்கு, பால் கவர் காயலான் கடைக்கு. மீதியை இரண்டு வாளியில் வைத்தால் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். தூய்மைப் பணியாளர்களைக் குறை சொல்கிறேன் என்று கிளம்பி வர வேண்டாம். தடுப்பே இல்லாத வண்டியைக் கொடுத்துவிட்டு அவர்களைக் கேட்டு என்ன பயன்? சிப்ஸ் உறையைக் காயலான் கடையில் கையால் தொட மாட்டார்கள். அதைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2022-இல் மத்திய அரசு விரிவாக நெறிமுறை போட்டது. எங்கள் வாய்க்காலுக்கு இதுவரை எந்தத் தயாரிப்பாளரும் வந்ததில்லை. அதிகாரிகள் மட்டும் என் மாவு டப்பா வரை வந்தார்கள்.

இப்போது இலையும் செய்தித்தாளும்தான். (அச்சு மை உணவில் ஒட்டும் என்று சண்டைக்கு வராதீர்கள், உள்ளே இலை, காகிதம் வெளியேதான்.) சாம்பாருக்குப் பாத்திரம் கொண்டுவந்தால் இரண்டு ரூபாய் குறைவு என்று பலகை வைத்தேன். முதல் மாதம் வியாபாரம் படுத்தது. இன்று காலை நேரத்தில் பாதிப் பேர் தூக்குவாளியோடு வருகிறார்கள். மீதிப் பேர் என்னைத் திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள், அங்கே கவர் கிடைக்கும்.

கடை மன்னார்குடியில் எந்த இடத்தில் என்று எழுதவில்லையே. பாமணி ஆற்று ஓரமா? அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம்தான் வரும், அதனால் கேட்கிறேன்.