எந்தக் கணக்கு சரி? நாட்டின் பரப்பளவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் ஐயா. பாடநூலில் இந்தியாவின் பரப்பளவு 32,87,263 சதுர கி.மீ. உலக வங்கிப் பட்டியலில் 29,73,190 என்று இருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: தேர்வில் முதல் எண்ணையே எழுதுங்கள். அது மொத்தப் பரப்பு. ஆறு, ஏரி, அணைத் தேக்கம் எல்லாம் அதில் அடக்கம். உலக வங்கி தருவது நிலப்பரப்பு, அதாவது உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்தபின் மிஞ்சும் தரை. வித்தியாசமே தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 32,87,263 என்பதில் பாகிஸ்தான் பிடியில் உள்ள 78,114, சீனாவின் பிடியில் உள்ள 37,555, பாகிஸ்தான் சீனாவுக்குக் கொடுத்துவிட்ட 5,180 சதுர கி.மீ. மூன்றும் சேர்ந்திருக்கின்றன. 2011 மக்கள்தொகை அடர்த்தி 382 என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். 121 கோடியை 32,87,263ஆல் வகுத்துப் பாருங்கள், 368தான் வரும். நம்மால் தலை எண்ண முடியாத இடங்களைக் கழித்துவிட்டு வகுத்தால் 382 சரியாக வந்து நிற்கும். ஒரே நாட்டுக்கு ஒரே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு பரப்பு! எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எண்.

கேள்வி: நம் கடற்கரை 7,516 கி.மீ.யிலிருந்து 11,098 கி.மீ. ஆகிவிட்டதாமே. அப்படியென்றால் நாடும் பெரிதாகியிருக்க வேண்டுமே?

பதில்: இல்லை. பழைய அளவு 1970களில் எடுத்தது. சிறிய படத்தில் வளைவு நெளிவுகள் நேர்கோடாகிவிடும். இப்போது இன்னும் நுணுக்கமான படத்தில் ஒவ்வொரு கழிமுகமாக, ஓடையாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சுந்தரவனக் காடுகள் உள்ள மேற்கு வங்கத்தின் கரை 157 கி.மீ.யிலிருந்து 721 ஆனது இப்படித்தான். தமிழ்நாட்டுக்கு 906 போய் 1,068 வந்திருக்கிறது. உற்றுப் பார்க்கப் பார்க்க நீளம் ஏறிக்கொண்டே போகும். பரப்பு அப்படி இல்லை: ஒரு வளைவில் கூடுவது அடுத்த வளைவில் கழிந்துவிடும்.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் சரிவில் ஒரு ஏக்கர் வாங்கினேன். டேப் பிடித்துப் பார்த்தால் கூடுதலாக வருகிறது. பத்திரம் தப்பா?

பதில்: பத்திரம் தப்பில்லை, டேப்பைத் தரையோடு படுக்க வைத்திருப்பீர்கள். நில அளவில் சரிவின் நீளம் கணக்கில்லை. மேலிருந்து பார்த்தால் தெரியும் மட்டப் பரப்புதான் கணக்கு. நான் நில அளவை வேலை பழகிய காலத்தில் மலைச்சரிவில் அளவுச் சங்கிலியைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடிப்போம். அந்தரத்தில் நிற்கும் முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொட்ட இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து அடுத்த பிடி. படி இறங்குவது போல. முப்பது டிகிரி சரிவு என்றால் பத்திரத்தில் ஒரு ஏக்கர், தரையில் ஏறக்குறைய ஒன்றே கால் ஏக்கருக்குப் பத்து சென்ட் குறைவு. மழையும் மேலிருந்துதானே விழுகிறது, அதனால் இந்த முறை நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. இமயமலையையும் இப்படித்தான் அளக்கிறார்கள்.

கேள்வி: 2015இல் வங்கதேசத்துடன் நிலம் மாற்றிக்கொண்டதில் நமக்கு நட்டமா?

பதில்: தாளில் பார்த்தால் குறைவுதான். 111 திட்டுகள், சுமார் 17,160 ஏக்கர் கொடுத்தோம். 51 திட்டுகள், 7,110 ஏக்கர் வாங்கினோம். வித்தியாசம் 40 சதுர கி.மீ. ஆனால் அந்தத் திட்டுகள் அவர்கள் நாட்டுக்குள் தீவு போலக் கிடந்தவை. அங்கிருந்த மக்களுக்கு ரேஷன் கார்டும் இல்லை, போலீஸும் இல்லை. 40 சதுர கி.மீ.யை விட அது பெரிய கணக்கு.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். இந்த நாடு மட்டும் எப்படி வளர்ந்துகொண்டே இருக்கிறது?

பதில்: கடலை மண் போட்டு மூடித்தான். 1960இல் 581.5 சதுர கி.மீ., இப்போது ஏறத்தாழ 735. நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். ஒரு நாள் தெலோக் ஆயர் தெருவுக்குப் போய் நில்லுங்கள். அங்கே உள்ள நாகூர் தர்கா, 1830 வாக்கில் நம் பக்கத்து முஸ்லிம்கள் கடற்கரையில் கட்டியது. வாசலில் நின்றால் அன்றைக்கு அலை தெரியும். இன்றைக்கு உயர்ந்த கட்டடங்கள்தான் தெரியும். மணல் கொடுத்துவந்த மலேசியா 1997இலும் இந்தோனேசியா 2007இலும் தடை போட்டன. அதனால் தெக்கோங் தீவில் இப்போது வேறு வழி: மண்ணைக் கொட்டி நிரப்பாமல், அணைகரை கட்டி நீரை இறைத்து 810 ஹெக்டேர் எடுக்கிறார்கள். நெதர்லாந்துக்காரர்களின் பழைய முறை.

எங்கள் மேட்டூர் அணை நிரம்பினால் நீர் பரவும் இடம் 153 சதுர கி.மீ.; சிங்கப்பூர் அறுபது வருடமாகக் கடலிடமிருந்து வாங்கியதும் அதே அளவு. அங்கே தரையாகிறது, இங்கே 1934இல் ஊர்கள் நீரானது. நீர்மட்டம் இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை தூக்கும். சுற்றியுள்ள சேற்றில் ஜனங்கள் வெள்ளாமை போடுவார்கள்.